தெரசாளின் கிழக்குச் சுவர்

எம்.ரெட்டியபட்டியில் தெரசாளைப் போல இன்னொரு சந்தேகக்காரி பிறந்துதான் வரவேண்டும். பானை உப்பை மட்டமாகத் தட்டி, விரலால் கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் பருத்தி எடுக்கப் போவாள். எண்ணெய்க்காரனின் படியில் நசுங்கல் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்த பிறகே பாத்திரத்தை நீட்டுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. புருஷன் செல்வதுரை வாந்திபேதியில் போய் இரண்டு வருஷம். மிச்சம் நின்றது ஏழு வயது மகள் எலிசபெத், பனையோலை வேய்ந்த ஒரு மண்வீடு, அந்த வீட்டு மனை, அவ்வளவுதான். ஆம்பிளை இல்லாத வீட்டு மனை எப்படிக் கரையும் என்பதைத் தன் அம்மா வீட்டிலேயே கண்டவள் அவள்.

மனையின் மூன்று பக்கமும் பாதை. கிழக்கே மட்டும் ஜமால் மைதீனின் மனை, நடுவில் கிளுவை வேலி. வம்பு என்று வந்தால் அங்கேயிருந்துதான் வரவேண்டும்.

அந்த வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் சுவருக்கு வெளியே ஒரு முழம் தங்கள் இடத்தை விட்டுக் கட்டுவார்கள். அவரவர் கூரைத் தண்ணீர் அவரவர் மண்ணில் விழவேண்டும் என்பது வழக்கம். தெரசாள் வீடு எழும்பியபோது அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். “முழம் விட்டுத்தான் கட்டியிருக்கேன்” என்று செல்வதுரை சொன்னதை அப்படியே நம்பினாள். அவள் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

நாற்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் வீடு ஒழுகியது. எங்கே ஓலை விலகியிருக்கிறது என்று பார்க்க, போகாத கிழக்குப் பக்கம் போனவளுக்குத் திக்கென்றது. சுவரை உரசிக்கொண்டு நிற்கிறது வேலி! அந்த ஒரு முழம் எங்கே போயிற்று? வேலிக்குக் கால் முளைத்ததா, இல்லை ராத்திரியோடு ராத்திரியாக யாராவது பிடுங்கி நட்டார்களா?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள். ஜமால் மைதீன் வேலியைக் கழித்தால் எட்டிப் பார்ப்பாள். அவன் ஒரு தடவை அவள் சுவரின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றான், இவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். பக்ரீத்துக்கு அவன் பெண்டாட்டி ரஹீமா கறிச்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். கறியை மகளுக்குப் போட்டுவிட்டு, “வாயை அடைக்கப் பாக்குறாக” என்று முணுமுணுத்தாள் தெரசாள்.

ஒருநாள் நேரே கேட்டுவிட்டாள். “வேலி எப்ப தம்பி நகந்துச்சு?”

ஜமால் மைதீனின் முகம் செத்துப்போனது. “எனக்குத் தெரிஞ்சு ஒங்க இடத்துக்குள்ள வரலக்கா.”

“அப்ப அளந்துருவோம்.”

“அளவு கிளவுன்னு போகாதீக. வேணும்னா இன்னும் ஒரு முழம் வேலியத் தள்ளி வச்சுக்கிறேன்.”

கேட்காமலே ஒரு முழம் தருகிறானாமே! அப்படியென்றால் எத்தனை முழத்தை விழுங்கியிருப்பான்? மறுநாளே திருச்சுழி சர்க்கார் ஆபீசுக்கு நடந்துபோய், இடத்தை அளக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த மனை ஜமால் மைதீனுக்கும் அவன் அண்ணன் ஒலி முகம்மதுவுக்கும் பொது. அண்ணன் அருப்புக்கோட்டையில் ஜவுளி வியாபாரம். நோட்டீஸ் இரண்டு பேருக்கும் போகும் என்று தெரிந்ததும் ஜமால் மைதீன் ஓடிவந்தான். “அண்ணன் காதுக்குப் போறதுக்கு முன்னால மனுவத் திருப்பி வாங்கிருங்கக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏன், களவு வெளிய வந்துருமோ?” என்று கதவைச் சாத்தினாள்.

தை மாதத்தில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஒலி முகம்மதுவும் குடையோடு வந்து நின்றார். பழைய எல்லைக் கல்லிலிருந்து சங்கிலியை இழுத்தார்கள். அது வேலிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து தெரசாளின் வீட்டுக்குள் நுழைந்தது. அடுப்பைத் தாண்டிக் கிடந்த சங்கிலியைக் காட்டி, “இதுதாம்மா ஒங்க எல்லை. கிழக்குச் சொவரு இவுக இடத்துல நிக்குது” என்றார் சர்வேயர்.

ஜமால் மைதீன் அண்ணனிடம் திரும்பினான். இந்த வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது தூர்ந்துபோன கிணறு ஒன்று வந்ததாம். அதன்மேல் சுவர் நிற்காது, கொஞ்சம் கிழக்கே தள்ளிக் கட்டிக்கொள்ளட்டுமா என்று செல்வதுரை வந்து கேட்டானாம். இவன்தான் சரியென்று வேலியைத் தன் பக்கம் தள்ளி நட்டானாம். “நான் வாக்குக் குடுத்துட்டேண்ணே, விட்ருங்க.”

“குடுத்தது நீ. எனக்கும் பாதி இருக்குல்ல?” என்றார் ஒலி முகம்மது. “சார், இருக்கிறபடி எழுதிக்கோங்க. ஒரு மாசத்துல சொவத்தப் பிரிக்கணும்.”

சர்வேயர் எழுதினார். எழுதிய பிறகு யார் சொல்லி யார் கேட்பது? அடுப்படியும் எலிசபெத் படுக்கிற மூலையும் போயிற்று.

எல்லோரும் போன பிறகு தெரசாள் வேலியோரம் வந்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி?”

“செல்வதுரை அண்ணன்தான் சொல்ல வேணாம்னாக. தெரிஞ்சா அவ தூங்க மாட்டா, என்னைக்கு எடத்தக் கேப்பாகளோன்னு வேலியவே பாத்துக்கிட்டுக் கெடப்பான்னாக.” ஜமால் மைதீன் கொஞ்சம் தயங்கினான். “அவுக போன பெறகு நானா வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளாக்கா?”

தெரசாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நம்பியிருக்க மாட்டேன்” என்றாள்.