சந்தையில் நின்றது நான் இல்லை

பத்மா போய்விட்டார். இன்று காலை, கொழும்பில்... அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் அறிவித்திருந்தா.

ஒஃபிசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியோடு இருந்து இதை எழுதுகிறேன்.

என் ஃபிரண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு என்னுடைய 'சந்தைக் கதை' தெரியும். சாப்ட்வேர் விற்க வரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் எடுக்கும் லீடர்ஷிப் வகுப்பில் அதுதான் கிளைமாக்ஸ். எழும்பி நின்று கைதட்டுவார்கள்.

அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டை ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்தால் ஒரே இரைச்சல்.

பத்மாவும் நானும் டெக்னிக்கல் கொலிஜில் ஒரே வகுப்பு. அவர் முதலாம் ஆள். நான்... பாஸ்.

அந்த இரைச்சலை நிறுத்த ஒரு சின்ன சர்க்கிட் செய்து, அதைச் சோப்புப் பெட்டிக்குள் அடக்கினார் பத்மா. விற்பது என் வேலை. "நீர் கதையும், நான் ஈயம் ஒட்டுறன்" என்றார். எங்கள் பார்ட்னர்ஷிப் அக்ரிமென்ட் அவ்வளவுதான்.

மருதனார்மடம் சந்தையில் வெங்காயக்காரருக்குப் பக்கத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சுத்துங்கோ, பாட்டு வரும் என்று கத்துவேன். பாட்டு வரும், கூட்டமும் வரும். பத்மா பின்னால் தலை நிமிராமல் இருப்பார். நாலு பேர் பார்த்தாலே அவருக்கு வியர்த்துக் கொட்டும்.

விற்கத் தொடங்க முதல் இன்னும் ஒரு கிழமை டெஸ்ட் பண்ணுவோம் என்று அவர் கேட்டிருந்தார். சந்நிதித் திருவிழாவுக்குச் சனம் வர முன்னம் விற்க வேண்டும் என்று அவசரப்படுத்தியது நான்தான். பாட்டைப் போட்டு ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தோம். நல்லாகத்தான் பாடியது.

ஆனால் அந்த நாளில் சனம் பாட்டுக் கேட்கவா ரேடியோ வாங்கியது? செய்தி கேட்க. செய்தியில் தன் ஊர்ப் பெயர் வந்தால் கை தன்பாட்டில் வேகம் எடுக்கும். நாங்களும் அதே சனம்தான்... அது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

தொண்டைமானாற்றில் இருந்து ஒரு மீன்பிடிக்காரர், நாங்கள் பெட்டி செய்யும் சின்னக் கடைக்கு வந்தார். ரேடியோவைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள்தான் அவருடைய தம்பி படகில் நீரேரியைக் கடக்கப் போயிருக்கிறார். பின்னேரச் செய்தியில் 'படகு' என்ற சொல் வந்ததும் இவர் பதறிப்போய் வேகமாகச் சுற்ற, புகை மணம்... அதோடு ரேடியோ செத்துப்போனது.

மனுசன் எங்களை ஏசவே இல்லை. "தங்கச்சி, மிச்சம் என்ன சொன்னவங்கள் எண்டு தெரியுமே?" என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரேடியோ பழசு அண்ணை, அதுதான் என்றேன். கூச்சமே இல்லாமல்.

பத்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வீடு வீடாக விசாரித்து, அந்தச் செய்தியை முழுக்கக் கேட்ட ஒருவரைக் கண்டுபிடித்துத் திரும்பி வந்தார். காற்றுக்குப் படகுகள் ஒதுங்கி நின்றதாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லையாம். அந்த மனுசன் கடை வாசலிலேயே இருந்து அழுதார்.

அவர் போன பிறகு பத்மா என்னைச் சந்தையில் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார். எங்களிடம் வாங்கியவர்கள் எந்த ஊர், எந்த வீடு என்று எங்களுக்கே தெரியாது. சந்தையில் சொன்னால்தான் போய்ச் சேரும்.

நான் மாட்டேன் என்றேன். கடை படுத்துவிடும், இரண்டு வீட்டுச் சாப்பாடும் அதில்தான் என்று கத்தினேன்.

"வாங்கச் சொல்லிக் கத்தின வாய்தானே ரவி... பிழை எண்டும் அந்த வாய்தான் சொல்லவேணும்."

நான் போகவில்லை.

அடுத்த நாள் பத்மா போய் நின்றார். நான் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக்கடைக்குள், சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். அவருடைய குரல் நடுங்கியது அங்கேயே கேட்டது.

"எங்கடை பெட்டியிலை பிழை. கெதியாச் சுத்தினா றேடியோ எரியும். கொண்டு வாங்கோ, மாத்தித் தாறம்."

ரவி அவசரப்படுத்தினவர் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கடை பெட்டி என்றார்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பத்மா ஒவ்வொன்றிலும் ஒரு டோர்ச் பல்பைப் பொருத்தினார். வேகம் கூடினால் கூடின கரண்டைப் பல்பு தின்னும், பளிச்சென்று எரிந்து ஆளையும் எச்சரிக்கும். கடை படுக்கவில்லை... முந்தியதைவிட நல்லாகவே ஓடியது.

தொண்டைமானாற்று அண்ணை திருத்தின ரேடியோவை எடுக்க வந்தபோது ஒரு பை இறால் கொண்டுவந்தார். பத்மா சைவம். அவ்வளவும் எனக்கு.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் வெளிநாடு வந்து, கோட் போட்டு, மேடை ஏறி, 'அன்று நான் சந்தையில் நின்று சொன்னேன்' என்று சொல்லப் பழகினேன்.

போன வருடம் அந்த வகுப்பு வீடியோவைப் பத்மா பார்த்துவிட்டு போன் எடுத்தார்.

நல்லாக் கதைக்கிறீர், உமக்கு அது முந்தியே வரும் என்று சிரித்தார். பிறகு என் முழங்கால் வருத்தத்தைப் பற்றி விசாரித்தார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

கைதட்டிய எல்லோரும் இதை வாசியுங்கோ. சந்தையில் நின்றது பத்மா. நான் சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவன்.

அந்த வாய்தான் சொல்லுது, பத்மா. நல்லாப் பிந்திப்போச்சு...

போயிட்டு வாரும்.