மூணு இஸ்பேட்

அந்தச் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைவு. துரை பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய கட்டு அது. ஆர்ட்டின் ஏழு எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் மெல்லிய ஆட்டுத்தோலை அதே அளவுக்கு வெட்டி, மையால் ஏழு புள்ளி வைத்துச் சேர்த்துக்கொண்டார். அது யார் கையில் இருந்தாலும் முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். "ஏழு உன்கிட்டதான் கீது, மறைக்காதமே" என்பார். ஆம்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பகலில், பாயில் நாலு பேருக்கும் சீட்டுப் போட்டு நாங்கள் இரண்டு பேரே ஆடுவோம். எதிரெதிரே உட்கார்ந்த நாங்கள் ஜோடி. மற்ற இரண்டு கையும் ஆளில்லாமல் கிடக்கும். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு பிரிட்ஜ் அப்படித்தான் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் மதராஸில் ஒரு கிளப்பில், மேசைகளுக்குச் சீட்டு எடுத்துக்கொடுக்கிற வேலையில் இருந்தார். பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டது. பிறகு இங்கே தோல் பதனிடுகிற ஷாப்பில், பச்சைத்தோல் குடோனுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மானேஜர் துரையின் பங்களாவில் சீட்டு நடக்கும். ஒரு தடவை நாலாவது ஆள் வராததால் இவரைக் கூப்பிட்டார்கள். அதிலிருந்து துரைக்கு இவர்தான் ஜோடி. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய் நாற்காலி நுனியில் உட்காருவாராம்.

ஆட்டத்துக்கு முன்னால் ஏலம் உண்டு. எதைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று முறை வைத்துச் சொல்லவேண்டும். ஜோடியில் ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் பதில் சொல்வார். அவர் எனக்கு முதலில் சொன்னதே, அந்தப் பதிலில் இரண்டு வகை என்பதுதான். துருப்பில்லாமல் ஒன்று என்று ஜோடி ஆரம்பித்து, நாம் இரண்டு என்றால் அது வெறும் அழைப்பு. கை நன்றாக இருந்தால் மேலே வா, இல்லாவிட்டால் பாஸ் சொல்லி நிறுத்திக்கொள். ஆனால் ஒரு இஸ்பேட் என்று ஜோடி ஆரம்பித்து, நாம் எகிறி மூணு இஸ்பேட் என்றால் அது கட்டாயம். நாலு வரைக்கும் போனால்தான் பெரிய மார்க்; நடுவில் நிறுத்தக்கூடாது.

"நான் மூணு இஸ்பேட்னா, தொரையே ஆனாலும் பாஸ் சொல்ல முடியாது. வாயத் தொறந்துதான் ஆவணும்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். சம்பளம் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

எனக்கு அந்தக் குடோன்தான் பயம். பச்சைத்தோல் தூசியில் நிற்கிறவர்களுக்குக் கருப்பாக ஒரு கட்டி வரும். வந்தவர்களில் பிழைத்தவர்கள் கம்மி. ஆபீஸுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்று தினமும் நச்சரிப்பேன். துரை சீமைக்கு லீவில் போகும்போது, திரும்பி வந்ததும் மாற்றிவிடுகிறேன் என்று இவரிடம் சொன்னார். அதோடு இவர் நிம்மதியாகிவிட்டார். "ஏலத்துல ஒருநாளும் என்னை நடுவுல விட்டதில்லமே அந்த ஆளு. வேலையில வுட்டுடுவாரா?" என்றார். சீட்டு மேசையில் பார்த்ததை வைத்து மனுஷனை எடைபோட்டார்.

துரை வந்தார். மாற்றல் பேச்சையே காணோம். ஞாபகப்படுத்தினால் மரியாதையாக இருக்காதாம். "மரியாதையை வச்சினு குடோன்லயே கெடங்க" என்றேன். சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை துரை ஒரு இஸ்பேட் என்று ஆரம்பித்தார். இவர் கையில் நல்ல சீட்டு; மூணு இஸ்பேட் என்றார். துரை பாஸ் என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். நாலுக்கு வேண்டிய பிடி தாராளமாக வந்தது. நாலு சொல்லாததால் எல்லாம் வீண். எதிர்க்கட்சியில் ஆடிய ரயில்வே டாக்டர், "ரைட்டர் ஓவரா கூவிட்டாருன்னு தொரை பயந்துட்டாரு போலகீது" என்று கிண்டல் செய்தாராம். துரை ஒன்றும் நடக்காததுபோலச் சொன்னார்: சீமையில் இப்போது மூணு என்றால் அழைப்பு மட்டும்தான், விருப்பமில்லாவிட்டால் நிறுத்தலாம், புது வழக்கம்.

வீட்டுக்கு வந்து அந்தக் கையை அப்படியே பாயில் பரப்பினார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"தோத்ததுக்கா இவ்ளோ பேஜார்?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். வழக்கத்தை மாத்திட்டு எங்கிட்ட சொல்லவே இல்லயே."

திங்கட்கிழமை நேராகப் போய் மாற்றலைக் கேட்டார். முடியும், முடியாது, இரண்டில் ஒன்று சொல்லுங்கள், சொல்லாமல் போகமாட்டேன் என்று அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றார். துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்றுதானே சொன்னேன், உறுதி சொன்னேனா என்று கேட்டுவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். இவர் திரும்பவும் குடோனுக்குப் போனார். வேறெங்கே போவார்?

மழை பிடிப்பதற்குள் கழுத்தில் கட்டி வந்தது. கொசுக்கடி என்றார். மூன்றாம் நாள் நடுவில் கரியாகக் கறுத்து, முகம் வீங்கி, பேச்சு குழறியது. வேலூருக்கு ரயிலில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில், என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். அங்கேயே போய்விட்டார். திரும்பி வருவதற்குத் துரை மோட்டாரை அனுப்பினார். உயிரோடு போக வராத மோட்டார். தெருவே அதை மெச்சியது. "தொரைக்கு உங்க வூட்டுக்காரர் மேல எவ்ளோ பிரியம் பாரு" என்று பக்கத்து வீட்டம்மா என்னிடமே சொன்னாள். அவளை அறையாமல் இருந்தது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

போன வாரம் புது குடோன் ரைட்டர் வீடு தேடி வந்தார். வாணியம்பாடிக்காரர், என் வயசுதான் இருக்கும்.

"அண்ணி, தொரை என்னைச் சீட்டுக்கு வரச் சொல்லிக்கிறாரு. அண்ணன் உங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தாராமே. கொஞ்சம் காட்டுங்களேன்."

"மூணு இஸ்பேட்னா இன்னா அர்த்தம்னு மொதல்ல அவரையே கேட்டுக்க."

"அதெல்லாம் ஆடஆடத் தெரிஞ்சிடும் அண்ணி. நல்லா ஆடினா ஆபீஸுக்கு மாத்திடறேன்னாரு."

"எப்போன்னு கேட்டியா?"

"அதை எப்படி அண்ணி கேக்கறது? நல்லாருக்காது. அவரா சொல்லுவாரு."

அவர் சட்டைக் காலரின் உள்பக்கம் ஆட்டு முடி ஒட்டியிருந்தது. கொடியிலிருந்த துண்டை எடுத்து நீட்டினேன்.

"கழுத்தைத் துடைச்சிக்க" என்றேன்.