ஐநூறு லிட்டரும் வாடிய ஜினியாவும்

தீயணைப்பு நிலையத்தின் முன்புறம் ஒரு பூப்பாத்தி இருக்கிறது. முப்பது அடி நீளம், எட்டு அடி அகலம். ஜினியா, சாமந்தி, ஓரத்தில் ஆறு ரோஜா. தினமும் அதற்கு ஐநூறு லிட்டர் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் அத்தனை செடியும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

பாத்தியைப் போட்டவர் பம்ப்காரர். தீயணைப்பு வண்டியில் உள்ள பம்பை இயக்கி, குழாய்க்குப் போகும் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. வயது நாற்பத்தாறு. இங்கே சேர்வதற்கு முன் குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். ஆக, பிழைப்பு எப்போதும் தண்ணீரோடுதான்.

இந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் ஓய்வு. வேலை நாளில் மணி அடித்தால் ஓட்டம், அடிக்காவிட்டால் கேரம் போர்டு. பம்ப்காரருக்குக் கேரம் வராது. அவர் பாத்தியில் இறங்க அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விபத்துக்கோ தீக்கோ போய்த் திரும்பினால் அவருக்கு உடனே பேச்சு வராது. பத்து நிமிடம் குனிந்து களை பிடுங்கினால் வரும். இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. வீட்டில் அவர் மனைவிக்கு இது தெரியும். பாத்தி வந்த பிறகு வீட்டுக்கு மனுஷனாக வருகிறார் என்று அவள் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பாத்திக்குத்தான் இப்போது ஆபத்து. நிலையத்துக்குப் புதிதாக ஒரு மீட்பு வேன் வரப்போகிறது. அதை நிறுத்த இடம் வேண்டும். நிலைய அதிகாரி ஒரு நாள் காலை பாத்தியை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு கொல்லைப்பக்கம், ஆனா அங்க இரும்புக் குப்பை மலை மாதிரி கிடக்கு. இன்னொண்ணு இது. சிமெண்ட் போட்டா ஒரே நாள் வேலை."

"சார், இது பூப்பாத்தி."

"பூ இருந்தா பூப்பாத்திதான். காஞ்ச குச்சிக்கு நான் எங்கய்யா இடம் குடுக்கறது? பதினஞ்சாம் தேதி பார்ப்போம்."

பதினைந்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

வண்டி ஓட்டும் டிரைவர், பம்ப்காரரின் தங்கையைக் கட்டியவர். ஒரே ஷிஃப்ட். அதனால் கிண்டலுக்கு விடுமுறையே கிடையாது.

"மச்சான், இன்னைக்கும் எல்லாம் தலை கவுந்துடுச்சே."

"வெயில் மாப்ளே."

"காலைல எட்டு மணிக்கு என்ன வெயிலு? எனக்கே இன்னும் தூக்கம் தெளியல."

அது சரியான கேள்விதான். மத்தியான வெயிலில் செடி துவள்வது சகஜம், பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். காலையிலேயே துவண்டிருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. பம்ப்காரர் முதலில் டீசல் புகையைச் சந்தேகித்தார். வண்டியின் புகைக்குழாய் பாத்தியைப் பார்க்காதபடி திருப்பி நிறுத்தச் சொன்னார். பலன் இல்லை. அடுத்த சந்தேகம் நுரை. எண்ணெய்த் தீக்கு அடிக்கும் நுரைக் கரைசலின் மிச்சம் தொட்டியில் இருக்குமோ என்று தொட்டியைக் காலி செய்து இரண்டு முறை அலசினார். அதற்கும் பலன் இல்லை. பூச்சியைத் தேடி இலைகளைப் புரட்டினார். ஓர் எறும்புதான் கிடைத்தது. அதுவும் அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.

தண்ணீரை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. ஷிஃப்ட் மாறும்போது காலை எட்டு மணிக்கு பம்பைச் சோதிப்பது விதி. ஐந்து நிமிடம் ஓட்டி, அழுத்தமானியைப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் பாத்திக்குப் பீய்ச்சலாமே என்றுதான் பாத்தி போடும் யோசனையே அவருக்கு வந்தது. நிமிடத்துக்கு நூறு லிட்டர், ஐந்து நிமிடம், ஐநூறு. ஓய்வு நாளில் எதிர் ஷிஃப்ட்காரர்களும் அதையே செய்தார்கள். தண்ணீரை லிட்டரில் கணக்குப் பார்த்தே பழகிய மனிதருக்கு, ஐநூறு என்றால் ஐநூறு. அதற்கு மேல் என்ன பேச்சு?

அவர் மனைவி கூரியர் ஆபீசில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிப்பவள். அவளும் கேட்டாள்.

"ஐநூறு ஐநூறுங்கறீங்களே, அது செடிக்குப் போய்ச் சேருதா?"

"பின்ன வேற எங்க போகும்?"

"நாங்க அனுப்புன பார்சல் எல்லாம் போய்ச் சேர்ந்துடுதா என்ன?"

அவர் சிரித்துவிட்டுப் படுக்கப் போனார்.

அடுத்த வேலை நாளில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவர்க் குழாயில் மாட்டிய சின்ன ரப்பர் டியூப். சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர். மணி அடித்தது. டியூபை அப்படியே பாத்தியின் கோடி மூலையில் போட்டுவிட்டு ஓடினார். சலவைக்கடை ஒன்றில் துணி உலர்த்தும் இயந்திரம் புகைந்திருந்தது. ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் உள்ளே சிக்கிய போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பும் வழியில்தான் டியூப் ஞாபகம் வந்தது.

"மாப்ளே, குழாயை மூடல. மூலை இந்நேரம் குளமாயிருக்கும்."

"ஆகட்டும். மீன் விடலாம்."

குளம் ஆகவில்லை. பூட்ஸ் கழுவ நின்ற இடத்தைத் தவிர எங்கும் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. மூன்று மணி நேரத் தண்ணீரையும் மண் குடித்திருந்தது. குழாயை மூடினார். இரண்டு நாள் கழித்து மறுபடி வேலைக்கு வந்தபோது, அந்த மூலையில் இருந்த ஒரு ரோஜாவும் மூன்று ஜினியாவும் விறைப்பாக நின்றன. மற்றவை பழைய கோலம்தான்.

தீ எங்கே பிடித்தது, எதனால் பிடித்தது என்று துருவுவது அவர்களுக்குத் தொழில். பம்ப்காரர் கடப்பாரையை எடுத்தார். மூலையில் ஒரு குழி, நடுவில் ஒரு குழி. மூலையில் முழங்கை ஆழம் வரை ஈரம். நடுவில் மேலே விரல்கடை அளவு சேறு, அதன்கீழே சாம்பல் மாதிரி பொடி மண். ஈரம் தேடிய வேர்கள் எல்லாம் மேலே வந்து கிடந்தன.

அடுத்த பம்ப் சோதனையின்போது குழாயை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரின் பின்னாலேயே நடந்தார். வேகமாக அடித்த தண்ணீர் மண்ணைத் தட்டித் தட்டி ஓடு மாதிரி இறுக்கியிருந்தது. இறங்க வழியில்லாமல் அது இலையில் பட்டு, மேலாக வழிந்து, சரிவில் ஓடி, வேலியோரச் சாக்கடையில் விழுந்தது. ஐநூறில் நானூறு லிட்டராவது சாக்கடைக்குத்தான் போயிருக்கும்.

டிரைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மச்சான், புதுசா வர்றவனுக்கு நீ முதல் நாள் என்ன சொல்லுவே?"

"எதை?"

"ஜுவாலையைப் பார்த்து அடிக்காதே, எரியற அடியைப் பார்த்து அடின்னு. தொண்டை கிழியக் கத்துவியே."

பம்ப்காரர் குனிந்து இறுகிய மண்ணை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இருபது வருஷமா தீக்கு அடியில, செடிக்குத் தலையில. நல்ல நியாயம்."

"போதும் மாப்ளே."

"என் பொண்டாட்டிகிட்ட சொன்னா ஒரு வாரம் சிரிப்பா."

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஏற்கனவே சொல்லிட்டேன்."

ஒன்பது நாள் மிச்சம். பம்ப்காரர் வேர் அறுபடாமல் கைக்களைக்கொட்டால் மண்ணைக் கொத்திவிட்டார். மைதானத்தில் வெட்டிப்போட்ட காய்ந்த புல்லை வாங்கிவந்து பரப்பினார். பம்ப் சோதனைத் தண்ணீரை வண்டித் தொட்டிக்கே திருப்பிவிட்டார். விடிந்ததும் ரப்பர் டியூபை ஒவ்வொரு செடியின் அடியிலும் வைத்து, மெல்லிய ஓட்டத்தில் இருபது நிமிடம். இலை நனையக் கூடாது. அப்புறம் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர்.

செடிகளைவிட மனிதர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. அவசரத்திலேயே வாழ்கிறவர்களுக்கு மெதுவாகப் போகும் தண்ணீரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. மத்தியானம் ஜினியா துவண்டால் யாராவது பெரிய குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எதிர் ஷிஃப்ட் பம்ப்காரர் ஃபோனிலேயே சண்டைக்கு வந்தார்.

"என்னண்ணே, நாலு நாளா பட்டினி போடுறீங்க? பார்க்கவே பாவமா இருக்கு."

"விரலை விட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஈரமாத்தான் இருக்கு."

"அப்ப விடுங்க. சாயங்காலம் தானா எந்திரிச்சுக்கும்."

"எந்திரிக்கலைன்னா?"

"எந்திரிக்கலைன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க. லீவா இருந்தாலும் வரேன்."

ஃபோன் வரவில்லை.

பதினைந்தாம் தேதி அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். பம்ப்காரர் வண்டியைத் துடைப்பதுபோல ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு ரோஜா பிழைக்கவில்லை. நடுவில் சொட்டை விழுந்ததுபோல ஓர் இடம் காலி. மற்றதெல்லாம் நிமிர்ந்து நின்றது. புதிதாகப் பூத்த ஜினியா மட்டும் பதினேழு. அதைக் காலையிலேயே எண்ணி வைத்திருந்தார். அதிகாரியும் எண்ணினார், உதடு அசையாமல்.

"என்னய்யா பண்ணே?"

"தண்ணி ஊத்தினேன் சார்."

"முன்னாடியும் அதானே பண்ணினே?"

"முன்னாடி சாக்கடைக்கு ஊத்தினேன் சார்."

அதிகாரி நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். "சரி. வேனைக் கொல்லைப்பக்கம் விட்டுக்கலாம். ஆனா அந்த இரும்பை ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்புறப்படுத்தணும். அதுக்குன்னு தனியா ஆள் கிடையாது."

"எங்க ஓய்வு நாள்லயே பண்ணிடறோம் சார்."

"நாமளா?" என்றார் டிரைவர், வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்து.

பம்ப்காரர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். பாத்தி பிழைத்ததை முதலில் சொன்னார். "நல்லது" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரும்பு தூக்க வேண்டும் என்பதை அடுத்துச் சொன்னார்.

"எத்தனை பேரு? சாப்பாடு குடுத்தனுப்பணும்ல."

"நாலு பேரு. நான், மாப்ளே, எதிர் ஷிஃப்ட் பம்ப்காரர்."

"அது மூணுதான். நாலாவது யாரு?"

"ஆபீசர். பழைய கையுறை இருந்தா எடுத்து வைன்னு இப்பதான் சொல்லிட்டுப் போறாரு."