இடப்பக்கம் சாய்ந்த இழை

ஒட்டிய தபாலை உரித்துப் பார்க்க வேண்டும். உரிக்கையில் சேதமானால் அனுப்பாமல், காரணம் எழுதி, கொடுத்தவரிடமே திருப்பித் தர வேண்டும். ஜப்பான்காரன் போட்ட விதிதான். ஆனாலும் நல்ல விதி. அதன் பின்பாதியை நான் மீறினேன். ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்... ஊசியால்!

விதிகளை ஒப்பித்தே ஓய்வூதியம் வரை வந்தவன் நான். நீங்கள் சிரிக்கலாம்.

அப்போது மலாயாவில், பாலோ அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தேன். தையல்காரர் சூசையை ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் அவர் மனைவி அருளம்மா ஒரு வாழ்த்து அட்டையோடு வந்தாள். பிஸ்கட் பெட்டியில் வெட்டிய அட்டை. அதன்மேல் சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூலில் ஒரு செம்பருத்தி. பின்புறம் காகிதம் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"முடிச்சு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாருங்கய்யா. தையக்காரராச்சே! மரவள்ளிக் கூழு வெச்சு ஒட்டிட்டேன்."

"திங்கவே கூழ் இல்ல. ஒட்டுறதுக்கா?"

"வயித்துக்கு என்ன, நாளைக்கும் கேக்கும். அவரு இதப் பாக்கணும்லா!"

அவள் போனதும் உரித்தேன். காகிதத்தோடு முடிச்சுகளும் பிய்ந்து வந்தன. பூ உதிர்ந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை!

திருப்பித் தந்திருக்கலாம். அவள் மீண்டும் தைத்திருப்பாள். ஆனால் அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது...? பொத்தான் தைக்கத் தெரிந்த கைதானே! அதே நூலை, அதே ஓட்டைகளில், இதழ் இதழாக நிரப்பினேன். பழையபடியே ஒட்டி அனுப்பினேன். அழகாகத்தான் இருந்தது. இரக்கம் என்று நினைத்தேன். கர்வமும் இருந்தது.

போர் முடிந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள். சூசை வரவில்லை. அருளம்மா மட்டும் வந்து வந்து கேட்டாள்.

"வந்திச்சாங்கய்யா?"

"இல்லம்மா."

பிறகு ஒரு காலை, சயாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு அல்ல, 'பாலோவில் முத்திரை குத்தும் ஐயாவுக்கு'.

'என் அருளு பீச்சாங்கைக்காரி. அவள் வைக்கிற இழை இடப்பக்கம் சாயும். அதைச் சொல்லியே கேலி செய்வேன். அட்டையில் இருந்தது வலப்பக்கம் சாய்ந்தது. அவள் செத்துப்போனதை என்னிடம் மறைக்க நீங்கள்தான் நல்ல மனசோடு தைத்திருக்கிறீர்கள். நன்றி ஐயா. நான் இங்கேயே ஒருத்தியோடு இருந்துவிட்டேன். கைக்குழந்தை இருக்கிறது.'

நன்றி...! எனக்கு!

எந்தக் கையால் அவள் காசு நீட்டினாள், எந்தக் கையால் வியர்வை துடைத்தாள்... எத்தனை முறை எதிரே நின்றாள்! நான் பார்க்கவேயில்லையே!

அன்று பிற்பகலே அவள் வந்தாள். புதிய அட்டை, அதே செம்பருத்தி.

"இந்த வாட்டி பின்னால ஒட்டலங்கய்யா. முடிச்சு தெரிஞ்சா தெரியட்டும், சிரிக்கிறதுக்காவது ஆளு வரட்டும். பதிலு ஏதும்...?"

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. சொன்னால் உயிரோடிருக்கும் கணவனை இழப்பாள். சொல்லாவிட்டால்... இல்லாத கணவனுக்குக் காத்திருப்பாள். எது இரக்கம்? நீங்கள் சொல்லுங்கள்!

"இல்லம்மா" என்றேன்.

அவள் கண்ணெதிரே முத்திரை குத்தினேன். தபால் பையில் போடவில்லை. முத்திரை குத்திய தபாலை நிறுத்தி வைக்கக் கூடாது. அதற்கும் விதி உண்டு.

அட்டை இப்போதும் என் மேசையில் இருக்கிறது. இழைகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அவற்றின்மேல் என் முத்திரை. அதில், பதில் வந்த அதே நாள்: 24 டிசம்பர் 1946.