பன்வில மேட்டில் ஒரு தேங்காய்த் துருவி

“...சும்மா சொல்லலீங்க. இந்தத் துருவிய விட்டுட்டு வரச் சொன்னீங்கன்னா, நானும் இதே ஆட்டோவுல வீட்டுக்குத் திரும்பிருவேன்,” என்றாள் என் மனைவி. ஒரு கால் பன்வில ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ரோட்டில், மறு கால் ஆட்டோவுக்குள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள், பலகையில் இரும்பு நாக்கு பதித்த, உட்கார்ந்து துருவுகிற தேங்காய்த் துருவி. கூடவே ஒரு முழுத் தேங்காய்.

ஒரு வருடமாகக் கெஞ்சி அவளை அழைத்து வந்தவன் நான். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின் வத்தேகம வீட்டில் நாங்கள் இருவர்தான். மலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், காலையில் மேகம் காலடியில் கிடப்பதை நீயும் ஒரு தடவை பார் என்றேன். அன்று அவள் திரும்பிப் போயிருந்தால் பிறகு எந்த மலைக்கும் வந்திருக்கமாட்டாள். அது எனக்கு நிச்சயம்.

சுமையைக் குறைப்பது மலையேறித் தோள் வலித்து வலித்து நானே கற்றுக்கொண்ட பாடம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஒருமுறை சொன்னார்: “காலையில கூடை நான் சொல்றதக் கேக்கும் தம்பி. மூணு மணிக்கு மேல கூடை சொல்றதத்தான் நான் கேக்கணும்.” அதிலிருந்து, மூன்று மணிக்கு மேல் இது என்ன சொல்லும் என்று யோசித்துத்தான் எதையும் பையில் வைப்பேன்.

ஒரு வாரமாக அவளுக்கு எல்லாம் சொன்னேன். ஒரே ஒரு அலுமினியச் சட்டி. சின்ன கேஸ் அடுப்பு அதற்குள்ளேயே அடங்க வேண்டும். தட்டு எதற்கு, மூடியே தட்டு. அரிசி, மைசூர்ப் பருப்பு, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கலந்து, வேளைக்கு ஒரு பையாகக் கட்டிவிட வேண்டும். முக்கால் வேக்காட்டில் இறக்கி, மூடி, துவாயால் சுற்றி வைத்தால் மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும், கேஸ் மிச்சம். மாற்றுக் காலுறை ஒரு சோடி, அதுவும் தூங்கும்போது மட்டும். அட்டை ஏறாமல் இருக்கக் காலுறைமேல் தேய்க்க ஒரு துண்டு சவர்க்காரம். எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டினாள். அந்த “ம்”மை நம்பினேன் பாருங்கள்!

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பலைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுத்து, மிளகாய்த்தூள், மாசி மீன்தூள், உப்புப் போட்டு இடித்து, ஒரு சின்னப் போத்தலில் எடுத்து வந்திருந்தேன். இரண்டு நாளைக்குக் கெடாது. கனமும் இல்லை. போத்தலைத் திறந்து நீட்டினேன். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இது சம்பலா? மரம் அறுக்குற எடத்துல அள்ளிக்கிட்டு வந்தீங்களா?”

“மேல போய்ப் பசிக்கிறப்ப நல்லா இருக்கும்.”

“பசிச்சா மரத்தூளுந்தான் நல்லா இருக்கும். சொதி வேணாம்னீங்க, விட்டேன். கருவாடு வேணாம்னீங்க, விட்டேன். ஒரு பச்சைச் சம்பலுக்கும் வழியில்லையா?”

ஆட்டோக்காரர் எங்கள் ஊர் முஸ்லிம் மனிதர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “தங்கச்சி கேக்கிறதும் நியாயந்தானே அண்ணன். எங்கட வீட்டில எண்டா அம்மிக்கல்லும் வந்திருக்கும்.”

“நீங்க வேற, சும்மா இருங்க நானா!” என்று எரிந்து விழுந்தேன். அந்தத் துருவி மட்டும் என் கூடாரத்தைவிடக் கனம். மேலே இரண்டு மணி நேர ஏற்றம். முதல் வளைவிலேயே அது யார் தோளுக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா?

“தேங்கா வேணும்னா வரட்டும். துருவி மட்டும் வேணாம். என் தோளு தாங்காது,” என்றேன், கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

எதிர் மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. “தங்கச்சி, ஏறுறீங்களா, இறங்குறீங்களா?” என்றார் நானா.

அவள் என் தோளைப் பார்த்தாள். “மேல போனதும் மொதல்ல சாப்பாடுதானே?”

“ஆமா.”

இறங்கினாள். நானாவிடம் வீல் ஸ்பேனரை வாங்கி, ரோட்டோர மதகுச் சுவரில் வைத்துத் தேங்காயை ஒரே போடு போட்டாள். என் சட்டியைத் திறந்து, அடுப்பை எடுத்து என் கையில் திணித்தாள். சுவரின்மேல் துருவியைப் போட்டு, அதில் உட்கார்ந்து, இரண்டு தேங்காய் மூடியையும் வெள்ளை தீருமட்டும் சட்டிக்குள் துருவினாள். பிறகு துருவியைத் துடைத்து ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தாள். “மேல போய்ச் சேருமட்டும் தேங்காப்பூ கெடாது. துருவிய ஊர்ல எங்க அக்கா கடையில குடுத்திருங்க நானா,” என்று சொல்லிவிட்டு, மூடிய சட்டியை மார்போடு அணைத்தபடி, எனக்கு முன்னால் தேயிலைக்குள் ஏறத் தொடங்கினாள்.