தலையில் கட்டிய விளக்கும் தம்பியின் தோளும்

கழுத்து வைத்தியத்துக்கு வேலூர் போகிறேன், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக, எண்பதுகளின் கடைசியில் என் தம்பி முருகேசனைக் கூட்டிப்போன கதையை எழுதுகிறேன். இதை நினைத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முருகேசன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் சுமந்தவன். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும். ஒருநாள் சுமையோடு வழுக்கி விழுந்தான். அதிலிருந்து தலையைத் திருப்பினால் கிறுகிறுக்கும், நடை தள்ளாடும். மேஸ்திரி நம்பவில்லை.

"நடிக்கிறான்பா. ஆஸ்பத்திரில எழுதி வாங்கினு வா, வேற வேலை தர்றேன். இல்லன்னா தோலு தூக்கித்தான் ஆவணும்."

அந்த எழுத்துக்காகத்தான் பயணம்.

எங்கள் ஊர் ஆலங்காயத்தில் விடியற்காலை பஸ் ஏறி, வாணியம்பாடியில் மாறினோம். கிடைத்தது கடைசி சீட். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாபா, தலை கயண்டு வுழுந்துடுமா?" என்றார் கண்டக்டர்.

"வுழுந்தா அதுக்குத் தனி டிக்கெட்டா சார்?" என்றான் தம்பி.

கண்டக்டர் சிரித்துவிட்டு, முன்னால் ஓர் ஆளை எழுப்பி இவனை உட்கார வைத்தார். எழுந்த ஆள் ஆம்பூர் வரை முணுமுணுத்தபடியே வந்தார். ஆம்பூர் வந்ததைத் தூங்குகிறவனுக்கும் மூக்கு சொல்லிவிடும். அங்கிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர்.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பரிசோதிக்கும் ஆள் ஒருவர் வந்து தம்பி தலையில் பட்டி கட்டி, அதில் சின்ன விளக்கைப் பொருத்தினார். எதிர்ச்சுவரில் வட்டம் வட்டமாகப் போட்ட காகிதம். வெளிச்சத்தை நடுப்புள்ளியில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் திருப்பி, மறுபடி நேரே கொண்டுவர வேண்டும். வெளிச்சம் எவ்வளவு தள்ளி விழுகிறதோ, கழுத்து அவ்வளவு தடுமாறுகிறது என்று அர்த்தம்.

தம்பி திருப்பினான், திரும்பி வந்தான். வெளிச்சம் நடுவிலேயே நின்றது. இன்னொரு முறை பார்க்கக்கூட அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை. கோளாறு இல்லை என்று எழுதி நீட்டிவிட்டார்.

"குறி தப்பலண்ணா, பாத்தியா?" என்று தம்பி வாசலில் சிரித்தான்.

"டேய் மடையா! நல்லா கீதுன்னு எழுதிட்டான்டா! நாளைக்கே தோலு தூக்கணும்டா!"

அவன் சிரிப்பு நின்றது. என் சத்தத்துக்கு உள்ளேயிருந்து பிசியோதெரபி பிரிவு சிஸ்டர் ஓடிவந்தார். மறுபடி விளக்கைக் கட்டி, இந்தத் தடவை அவன் தோளில் கை வைத்துப் பார்த்தார்.

"கழுத்த எங்கப்பா திருப்புற நீ? இடுப்போட இல்ல சுத்துற!"

சுமை தூக்குகிறவன் பழக்கம் அது. தலையில் எது ஏறினாலும் கழுத்து அசையக் கூடாது. பட்டி ஏறியதுமே உடம்பு தானாக அப்படித் திரும்பியிருக்கிறது. கழுத்தே அசையாததால் அதன் கோளாறும் தெரியவில்லை.

சிஸ்டர் அவன் நெஞ்சை நாற்காலி முதுகோடு துப்பட்டியால் கட்டினார். பல தடவை செய்ய வைத்தார். சாப்பிட்டு, படுத்து எழுந்தபின் மறுபடியும் செய்ய வைத்தார். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் ஒரே பக்கமாக வட்டத்தைத் தாண்டியே விழுந்தது.

"ஒரு தபா பாத்துட்டு எழுதுறதெல்லாம் அளவே இல்லண்ணே" என்று சொல்லி, பழைய காகிதத்தைக் கிழித்தார். தலையில் சுமை கூடாது என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மேஸ்திரி அதைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தலைலதானே கூடாது? தோள்ல தூக்கட்டும்."

நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வேலை செய்துகொண்டிருந்தவர்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றே மறுபடி வேலூர் பஸ் ஏறினோம். எந்தச் சுமையும் கூடாது என்று சிஸ்டர் எழுதிய பிறகுதான் அவனை உட்கார்ந்து தோல் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

போகிறவர்கள் பஸ்ஸில் முன்சீட்டு கேளுங்கள். இறங்கியதும் ஓய்வெடுத்துவிட்டு உள்ளே போங்கள். உடம்பைக் கட்டிவிட்டுப் பலமுறை பார்க்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் விடாதீர்கள். காகிதத்தை வாசலிலேயே யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தலை, தோள், முதுகு, கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்ட இடத்தில் சுமையை ஏற்றிவிடுவார்கள்.