அண்ணி திருத்திய பக்கம்

“தலைப்பு, இரண்டாம் நிலை, குளியல் துண்டுகள்.” காதுக்குள் கணினி இப்படிச் சொன்ன அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு துள்ளுகிறது. கேட்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கோ அன்றுதான் ஒரு பக்கத்தில் நினைத்த இடத்துக்குத் தாவிப் போக முடிந்தது.

கல்லூரி முடிக்கும் சமயத்தில் விழித்திரை நோயால் எனக்குப் பார்வை போயிற்று. குமாரபாளையத்தில் எங்கள் விசைத்தறிப் பட்டறையை அண்ணன் நடத்திவந்தார். துண்டும் லுங்கியும் இணையத்தில் விற்க ஆரம்பித்ததும், வரும் ஆர்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பானைப் பழகியிருந்தேன். அந்தத் தைரியம்தான்.

ஆனால் எங்கள் இணையப் பக்கம் என்னை உள்ளேயே விடவில்லை. வெளியாள் ஒருவர் செய்துகொடுத்தது. பார்க்க அவ்வளவு அழகு என்றார்கள். எனக்கோ உச்சியிலிருந்து ஒரே மூச்சில் ஓடியது. தொலைபேசி எண், தள்ளுபடி அறிவிப்பு, பிறகு படம், படம், படம். துண்டு எங்கே முடிந்து லுங்கி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ‘ஆர்டரை உறுதி செய்’ என்ற எழுத்து காதில் விழும்; ஆனால் டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் அதில் போய் நிற்காது. அப்படித் தடுமாறியதில் கரூர்க் கடைக்காரர் ஒருவரின் ஆர்டர் அனுப்பப்படாமலே கிடந்துவிட்டது. அண்ணன் கோபிக்கவில்லை. “உனக்கெதுக்குடா இந்தத் தொல்லை? சும்மா இரு, வேற ஆள் போட்டுக்கலாம்” என்றார். கோபித்திருக்கலாம் என்று இருந்தது.

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “ஏனுங்க, ஆள் போடறது ஒரு வாரம் பொறுங்க. நான் என்னன்னு பாக்கறேன்.” கல்யாணத்துக்கு முன்பு அண்ணி கோவையில் மென்பொருள் வேலையில் இருந்தவர். இங்கே வந்தபிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அன்று என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையை அணைத்துவிட்டார். என் இயர்போனில் ஒன்றை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, காதை மட்டும் நம்பி ஒரு துண்டு வாங்கிப் பார்த்தார். முடியவில்லை. திரையை மறுபடி போட்டு, பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்து பார்த்தார்.

“தம்பி, இதுல எல்லாமே வெறும் டிவ்வு, பேரில்லாத பெட்டிங்க. எது தலைப்பு, எது பட்டன்னு கம்ப்யூட்டருக்கு யாருமே சொல்லலை. பெருசா எழுதிக் கலர் அடிச்சு உட்டுட்டாங்க. கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அந்த வாரம் முழுக்க, சமையல் வேலை முடிந்த மதியங்களில் அண்ணி தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். பக்கத்தின் மேற்பகுதிக்கு ஹெட்டர், இணைப்புகளின் வரிசைக்கு நேவ், முக்கியமான சரக்கெல்லாம் மெயினுக்குள், ஒவ்வொரு துணி வகைக்கும் முறையான தலைப்பு, பட்டன் என்றால் நிஜப் பட்டன். ஒவ்வொன்றையும் அது இன்னதென்று அதன் பெயரிலேயே எழுதினார். படங்களுக்கும் காதில் கேட்கும்படி சொல் கொடுத்தார். “நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, சரியாங்க தம்பி?” என்று என்னிடமே கேட்பார். நிறங்களை நான் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

முடித்ததும் அண்ணன் வந்து திரையைப் பார்த்தார். “ஒன்னுமே மாத்தலையே!”

“உங்களுக்கு மாறலைங்க. தம்பி, தலைப்புக்குத் தாவ ‘ஹெச்’ தட்டுங்க.”

தட்டினேன். குளியல் துண்டுகள். மறுபடி தட்டினேன். லுங்கிகள். பட்டனுக்குத் தாவ ‘பி’ தட்டினேன். “ஆர்டரை உறுதி செய், பட்டன்” என்றது. அந்த ‘பட்டன்’ என்ற ஒரு சொல்லுக்காகவே நான் கத்தியிருக்க வேண்டும். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கிறது. பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். பதறிப்போய் என் தோளைப் பிடித்த அண்ணனிடம், “ஆள் போட வேண்டாங்கண்ணா” என்றேன். அவர் கையை எடுக்கவேயில்லை.

பட்டறை ஆர்டர்கள் அன்றிலிருந்து என் பொறுப்பு. அதோடு நிற்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. இப்போது நானும் அண்ணியும் பிறருடைய பக்கங்களையும் சரிசெய்து தருகிறோம். நான் கேட்டுக் குறை சொல்வேன், அவர் திருத்துவார், இடையில் நன்றாகச் சண்டையும் போடுவோம். சமீபத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பப் பக்கம் செய்து கொடுத்தோம். சிக்கல் வந்தால் கூப்பிட அடியில் என் எண் இருந்தது. போன வாரம் பரமத்தி வேலூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பிறவியிலேயே பார்வை இல்லையாம். எந்த இடத்தில் சிக்கிக்கொண்டாளோ என்று பதற்றத்தோடு கேட்டேன்.

“சிக்கலெல்லாம் இல்லீங்கண்ணா. நானே நிரப்பி அனுப்பிட்டேனுங்க. யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்.”

அறையில் அண்ணியின் தட்டச்சுச் சத்தம் நின்றது. “யாருங்க தம்பி? என்ன சொன்னாங்க?”

“‘நானே’ன்னு சொன்னாங்க, அண்ணி.”

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு விசைகள் மறுபடி ஓடத் தொடங்கின, முன்பைவிட வேகமாக.